தர்ஷினியின் வலது கால்

மலேசியாவில், உலு திராமில் என் தம்பி வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த எட்டு வயதுப் பெண்ணின் நடையில் ஒரு சத்தம் கேட்டது. இடது கால் ஓசையில்லாமல் வந்தது. வலது பாதம் மட்டும் டைல்ஸ் தரையில் ‘டப்’ என்று விழுந்தது, ஈரத்துணியைத் துவைகல்லில் போட்டதுபோல.

“வாங்க அத்தை. பசியாறிட்டீங்களா?” என்றாள்.

காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை மலேசியத் தமிழர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். மதுரையில் தமிழாசிரியையாக வேலை பார்க்கும் எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதுமே வந்த அலுப்பெல்லாம் போய்விட்டது. அவள் தர்ஷினி, என் தம்பி செல்வத்தின் மகள். செல்வம் வெல்டராக இங்கே வந்து, ஜொகூரிலேயே பிறந்து வளர்ந்த கோகிலாவைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டவன். இப்போது சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை. பொழுது விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போய் இருட்டும் நேரத்துக்குத் திரும்பி வருவான். அவர்களுக்கு மூன்று மாதங்களுக்கு முன் ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. பள்ளி விடுமுறையில் அதைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன்.

டம்ளரைக் கொடுத்துவிட்டுத் தர்ஷினி திரும்பி நடந்தாள். டப், டப். “காலில் என்னம்மா?” என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் கோகிலா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். “விடுங்க அண்ணி. பாப்பா வந்ததுலேருந்து இப்படித்தான். நாம அவளையும் பாக்கணும்ல, அதுக்கு நடிக்கிறா லா.”

பேச்சின் முடிவில் ‘லா’ போடுவது இங்கே எல்லாருக்கும் வழக்கம். சிறுமி அறைக்குள் போய்விட்டாள். அவள் போன சத்தமும் கேட்டது.

*

மறுநாள் காலை கோகிலாவும் நானும் பிள்ளைகளும் தெருமுனைக் கடைக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போனோம். ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் தமிழர் ஒருவர் நடத்தும் கடை. மாவைக் காற்றில் வீசி விரித்து, மடித்து, கல்லில் போட்டுக் கையால் தட்டி நொறுக்கிப் பருப்புக் குழம்போடு தருகிறார்கள். நம்மூர்ப் பரோட்டாவின் சித்தப்பா மகன் என்று சொல்லலாம். கடைப் பையன் என் முன்னால் வந்து நின்று, “அக்கா, தண்ணி என்ன?” என்றான். காலை எட்டு மணிக்கு ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது என்று நான் விழித்தேன். கோகிலாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “குடிக்க டீயா காப்பியான்னு கேக்கிறாங்க அண்ணி!” தே தாரிக் சொன்னேன். ஒரு கை உயரத்துக்கு இழுத்து ஆற்றிய டீ. நுரைக்கு அடியில் டீ இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. இருந்தது, நன்றாகவும் இருந்தது.

திரும்பும் வழியில் தர்ஷினி எனக்கு முன்னால் நடந்தாள். அப்போதுதான் நடையை முழுவதுமாகப் பார்த்தேன். வலது முழங்காலை, கண்ணுக்குத் தெரியாத படி ஒன்று அங்கே இருப்பதுபோல, தேவைக்கு மேல் தூக்கினாள். தூக்கிய காலில் பாதம் மட்டும் கீழே தொங்கியது. வலது காலணியின் மூக்கு உரசி உரசி நூல் தெரிந்தது. இடது காலணி புதிதாகவே இருந்தது. சாக்கடை மூடியின் விளிம்பில் நுனி தட்டித் தடுமாறினாள். நான் பிடிப்பதற்குள் தானாகவே நிமிர்ந்து, யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். நடிக்கிற பிள்ளை விழுந்ததை மறைக்குமா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது.

கோகிலா கவனிக்காத தாய் அல்ல. ஒரு கிளினிக்கில் காட்டியிருந்தாள். காலணி சரியில்லை என்றார்களாம், மாற்றியிருக்கிறாள். பள்ளியில் ஆசிரியை, ‘ஓடச் சொன்னால் சோம்பேறித்தனம்’ என்றிருக்கிறார். பிரசவம், தூக்கமில்லாத மூன்று மாதம், விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும் கணவன். இதற்கு நடுவில், பொறாமை என்ற விளக்கம் எல்லாருக்கும் வசதியாக இருந்துவிட்டது.

*

அந்த வார நடுவில் குழந்தைக்குத் தடுப்பூசி போட அரசு கிளினிக்குக்குப் போனோம். மலாய்த் தாய்மார், சீனத் தாய்மார், தமிழ்த் தாய்மார் எல்லாரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். எல்லாக் குழந்தைகளும் ஒரே மொழியில் அழுதன. ஊசி போட்ட இளம் மருத்துவர், முக்காடு அணிந்த மலாய்ப் பெண், குழந்தையைத் திருப்பித் தரும்போது தர்ஷினியைப் பார்த்தார். துடைப்பதற்குப் பஞ்சு எடுத்துவரச் சொல்லி அவளை நாலடி நடக்கவிட்டார். பிறகு பஞ்சை மறந்துவிட்டார்.

“குதிகாலில் நின்று காட்டு, பார்ப்போம்” என்று மலாயில் சொல்லி, தானே எழுந்து விரல்களைத் தூக்கி வாத்துபோல நின்று காட்டினார். தர்ஷினி சிரித்தபடி முயன்றாள். இடது பாதத்தின் முன்பகுதி உயர்ந்தது. வலது பாதம் தரையோடு ஒட்டிக்கிடந்தது. அவள் முகம் சிவந்தது, உதட்டைக் கடித்தாள், கைகளை இறக்கைபோல விரித்தாள். பாதம் அசையவில்லை.

மருத்துவர் கோகிலாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். கோகிலாவின் முகம் மாறியது.

“என்னவாம்?” என்றேன்.

“நடிச்சா இப்படிச் செய்ய முடியாதாம் அண்ணி. ஜேபி பெரிய ஹோஸ்பிட்டலுக்கு எழுதித் தராங்க. சீக்கிரம் போகணுமாம்.”

ஜேபி என்றால் ஜொகூர் பாரு. இங்கே யாரும் முழுப்பெயரைச் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை.

*

நாங்கள் ஜேபி போன காலையில் மழை. செல்வத்துக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வாடகைக் காரில் கிளம்பினோம். நகரை நெருங்கும்போது பாலத்துப் பக்கம் போகும் சாலையைப் பார்த்து மூச்சடைத்துப் போனேன். மழைக்கோட்டு மாட்டிய மோட்டார் சைக்கிள்கள், ஒன்றோடொன்று உரசாமல், அணையைத் திறந்துவிட்ட தண்ணீர்போலச் சிங்கப்பூரை நோக்கி ஓடின. “அப்பா இதுலதான் தெனமும் போவாங்க அத்தை” என்றாள் தர்ஷினி. தொலைபேசியில் ‘வேலைக்குப் போயிட்டு வந்தேங்க்கா’ என்று தம்பி சொல்லும் ஒரு வரிக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

ஓட்டுநர் வயதான மலாய்க்காரர். வழியெல்லாம் குழந்தையைப் பார்த்துப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தவர், எங்களை வேறொரு மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே போய் வரிசையில் நின்று, முறை வந்த பிறகுதான் தெரிந்தது. “அலமாக்!” என்று கோகிலா தலையில் கைவைத்தாள். வெளியே ஓடிவந்தால் அவர் இன்னும் கிளம்பவில்லை, காருக்குள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு, ஒரு பெரிய குடையோடு இறங்கி வந்து தர்ஷினியை முதலில் கூட்டிப்போய் உட்காரவைத்தார். “தப்பு என்னுடையது. பிள்ளை நனையக் கூடாது” என்று அவர் சொன்னதைக் கோகிலா எனக்குச் சொன்னாள்.

சரியான மருத்துவமனையில் எங்களுக்குக் கிடைத்தவர் டாக்டர் ரொஹானா. குழந்தைகளின் எலும்புக்கும் நரம்புக்குமான மருத்துவர், ஐம்பது வயது இருக்கும். கோப்பைத் திறப்பதற்கு முன் தர்ஷினியைத் தாழ்வாரத்தில் நடக்கவைத்து, தரையில் கன்னம் படுமளவு குனிந்து அவள் பாதங்களைப் பார்த்தார். என் வாழ்நாளில் ஒரு மருத்துவர் தரையில் குனிந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த கொஞ்ச நேரம் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? ஒரு பூட்டை எல்லாச் சாவிகளாலும் பொறுமையாகத் திறந்துபார்ப்பதுபோல இருந்தது. கண்ணை மூடச்சொல்லிப் பஞ்சால் தொட்டார். உள்ளங்காலில் தொட்டபோது “ம்” என்றாள். பாதத்தின் மேல்புறம் தொட்டபோது பேசாமல் இருந்தாள். அழுத்தித் தொட்டும் பேசவில்லை. பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொன்னார், வலுவாகத் திருப்பினாள். வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை. மேலே தூக்கவே முடியவில்லை. சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், குதிகாலுக்கு மேலே தட்டினார். இரண்டும் துள்ளின.

“முதுகுத்தண்டு இல்லை” என்று ஆங்கிலத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “மூளையும் இல்லை. இந்தக் காலில் ஓரிடம்.”

பிறகு தன் நடுவிரலை அவள் முழங்காலின் வெளிப்பக்கத்தில், சற்றுக் கீழே, எலும்பு குண்டாகத் துருத்தும் இடத்தில் வைத்து மெல்லத் தட்டினார்.

தர்ஷினி கட்டிலைவிட்டு எழும்பிவிட்டாள். “அம்மா! கரண்ட்! விரல் வரைக்கும் போச்சு!”

டாக்டர் ரொஹானாவின் முகம் மலர்ந்தது. “இங்கேதான்” என்றார்.

பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. அங்கே அதற்கு மேலே சதை கிடையாது, தோல்தான். உங்கள் காலிலும் தொட்டுப் பாருங்கள் என்றார். தொட்டேன். ஐம்பது வருடம் என்னைத் தூக்கி நடந்த நரம்பு, ஒரு கயிறுபோல, விரலுக்கடியில் உருண்டது. வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், ‘நரம்பு’ என்றால் யாழின் தந்தி என்றும் பொருள் என்று. அது வெறும் பாடம் என்றிருந்தேன்.

பிறகு இன்னோர் அறையில் ஓர் இயந்திரம். தர்ஷினியின் பாதத்தில் வில்லைகளை ஒட்டி, ஒரு சீன இளைஞர் காலின் பல இடங்களில் சின்ன மின்தூண்டல் கொடுத்தார். “எறும்பு கடிக்கும், எண்ணிக்கோ” என்று மலாயில் அவர் சொல்ல, அவள் தமிழில் எண்ணினாள். எலும்புக்குக் கீழே தூண்டியபோது திரையில் மலைபோல ஒரு கோடு எழுந்தது. எலும்புக்கு மேலே தூண்டியபோது மலை இல்லை, ஒரு மேடு மட்டும். நடுவில் ஓரிடத்தில் செய்தி நின்றுபோகிறது. மேலிருந்து ‘தூக்கு, தூக்கு’ என்று இந்தப் பிள்ளை மாதக்கணக்கில் கட்டளை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். பாதத்துக்கு அது போய்ச் சேரவில்லை.

எது தடுக்கிறது என்பதை ஸ்கேன் காட்டியது. முழங்காலுக்குக் கீழுள்ள சின்ன மூட்டிலிருந்து நீர் கசிந்து, ஒரு பையாகத் திரண்டு நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. திரையில் அது கறுப்பாக, திராட்சை அளவுக்குத் தெரிந்தது. புற்றெல்லாம் இல்லை என்றார் டாக்டர் முதல் வேலையாக. எடுத்துவிட வேண்டும். சீக்கிரம் எடுத்தால் நரம்பு பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். “ஆனால் நெரிபட்டுப் பல மாதம் ஆகியிருக்கும் போலிருக்கிறது. பாதம் முழுதாகத் திரும்பும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.”

வெளியே தாழ்வாரத்தில் கோகிலா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, மகளின் முன் மண்டியிட்டாள்.

“அம்மா தப்பா நெனைச்சிட்டேன்டா. நடிக்கிறன்னு சொல்லிட்டேன்ல.”

தர்ஷினி அம்மாவின் தோளில் கைவைத்தாள். “பரவால்ல மா. எனக்கே ஒருவேள நான் நடிக்கிறேனோன்னு தோணிச்சு.”

குழந்தை என் கையில் கனத்தது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

*

அறுவைக்கு முன் இரண்டு வாரம் இருந்தது. பாதம் தொங்காமல் தாங்குவதற்கு வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு ஸ்பிளிண்ட் செய்து தந்தார்கள். கெண்டைக்காலிலிருந்து உள்ளங்கால் வரை வந்து, காலணிக்குள்ளே மறைந்துவிடும். அன்று மாலையே அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், இடறவில்லை. பார்க்க வந்த அண்ணன் முறைப் பிள்ளைகளிடம், “நான் ரோபோ காலு” என்று காட்டிப் பெருமைப்பட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக்குக் கார் எடுத்துச் சிம்பாங் ரெங்கத்தில் கோகிலாவின் அக்கா வீட்டுக்குப் போனோம். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் வழி நெடுக வந்தன. வரிசை பிசகாத மரங்களின் நடுவே, கார் நகர நகர, ஒவ்வொரு இடைவெளியும் ஒரு கணம் திறந்து மூடியது. வழியில் அன்னாசி விற்றார்கள். அங்கேயே சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தார்கள். இவ்வளவு இனிப்பான அன்னாசியை நான் தின்றதில்லை. செல்வம் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. கார்மேல் சாய்ந்து நின்று, மகள் கடைக்கும் காருக்கும் இடையே நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, அந்த டாக்டரம்மா நிச்சயமாச் சொல்லலைல்ல?” என்றான்.

“இல்லடா. ஆனா எந்த இடம்னு தெரிஞ்சுக்கிட்டாங்க.”

“அது போதுமா?”

 ஒரு துண்டு அன்னாசியை அவன் கையில் வைத்தேன். மதுரைக்குப் பேசி விடுப்பை நீட்டித்துக்கொண்டேன்.

*

அறுவையன்று செல்வம் விடுப்பு எடுத்துவிட்டான். தர்ஷினியை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கதவு மூடிக்கொண்டது. கோகிலா குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனாள். செல்வம் உட்காரவேயில்லை. கான்டீனில் வாங்கிவந்த நாசி லெமாக் பொட்டலங்கள், தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலுமாக, நாற்காலியில் பிரிக்காமல் கிடந்தன. பக்கத்தில் தன் மகனுக்காகக் காத்திருந்த சீனர் ஒருவர் செல்வத்தைப் பார்த்து, “சாப்பிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே வரும்போது நமக்குத் தெம்பு வேண்டும்” என்று மலாயில் சொன்னாராம். செல்வம் கீழ்ப்படிந்த மாணவன்போல உட்கார்ந்து தின்றான். பிறகு நானும்.

டாக்டர் ரொஹானா தொப்பியோடு வெளியே வந்தார். சிரித்ததும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. பையைத் திறந்தபோது உள்ளே தெளிந்த கூழ்போல இருந்ததாம். எனக்கு உடனே இளம் நுங்குதான் ஞாபகம் வந்தது. மூட்டிலிருந்து மறுபடி கசியாமல் வழியையும் அடைத்துவிட்டார்கள். “நரம்பு தட்டையாகிப் போயிருந்தது, நசுங்கிய நூடுல்ஸ் மாதிரி. ஆனால் அறுந்துபோகவில்லை. பாரம் போனதும் நிறம் மாறியதை என் கண்ணால் பார்த்தேன். இனி அதற்குத்தான் அவகாசம் கொடுக்க வேண்டும்.”

எத்தனை நாள் என்று செல்வம் கேட்டான். வாரங்களாகலாம், மாதங்களாகலாம் என்றார். நரம்புக்கு அவசரம் தெரியாது, அதை யாராலும் அவசரப்படுத்தவும் முடியாது.

உலகத்தில் இத்தனை கால்கள் நடந்துகொண்டிருக்கின்றன. அந்தத் தாழ்வாரத்தில் மட்டும் நூறு பேர் நடந்தார்கள். ஒவ்வொரு அடியிலும் பாதம் தன்னைத் தூக்கிக்கொள்கிறது, யாரும் நன்றி சொல்வதில்லை. நான் அன்று முழுவதும் கால்களையே பார்த்தேன்.

*

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் அதே காட்சி. பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடி கோகிலா அவள் பாதத்தைக் கையால் தூக்கி இறக்குவாள், பிறகு “நீயா தூக்குடா” என்பாள். நாங்கள் எல்லாரும் ஒரு பெருவிரலையே உற்றுப் பார்ப்போம். ஒன்றும் நடக்காது. “நாளைக்குப் பாக்கலாம் லா” என்று தர்ஷினிதான் எங்களைத் தேற்றுவாள். தையல் பிரித்தார்கள். நாட்கள் போயின. நானும் பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் பாயில் படுத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவளின் கால்மாட்டில் குழந்தையைக் குப்புறப் போட்டிருந்தோம். அவன் தலையைத் தூக்கப் பழகிக்கொண்டிருந்த நேரம். கழுத்து வலித்ததோ என்னவோ, முகத்தை அக்காவின் பாதத்தின் மேல் சாய்த்து, எச்சில் வழிய அதைச் சப்பத் தொடங்கினான்.

“ஐயே, பாப்பா, கூசுது!” என்று தர்ஷினி காலை இழுத்தாள்.

நான் தரையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை நின்றது. அது வலது பாதம். பஞ்சுக்கு ஊமையாக இருந்த மேல்புறம்.

இப்போது இதை மதுரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாதங்கள் ஓடிவிட்டன. தர்ஷினி ஸ்பிளிண்ட் இல்லாமல் நடக்கிறாள். ஓடும்போது மட்டும் வலது கால் கொஞ்சம் பின்தங்குவதாகவும், அதுவும் சரியாகிவிடும் என்று டாக்டர் ரொஹானா இப்போது துணிந்து சொல்வதாகவும் கோகிலா போனில் சொன்னாள். அந்த மாற்றங்களையெல்லாம் நான் நேரில் பார்க்கவில்லை. முதல் அசைவை மட்டும் பார்த்தேன்.

குழந்தை சப்பிய சில நாட்களுக்குப் பிறகு, ஒரு மாலை. கோகிலா வழக்கம்போல, “நீயா தூக்கு” என்றாள். நாங்கள் வழக்கம்போலக் குனிந்தோம். பாதம் கிடந்தது. பிறகு பெருவிரல், ஒரு மயிரிழை, மேலே போனது.

“நானா செஞ்சேன்?” என்றாள் தர்ஷினி, எங்களைவிட ஆச்சரியமாக.

“இன்னொரு தடவ செய்” என்றாள் கோகிலா.  விரல் மறுபடி உயர்ந்தது. நடுங்கி, நின்று, இறங்கியது.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். செல்வம் உள்ளே வந்து எங்கள் முகங்களைப் பார்த்துப் பயந்துபோய், “என்னாச்சு?” என்றான்.  தர்ஷினி அப்பாவைப் பார்த்துக்கொண்டே விரலைத் தூக்கினாள். அவன் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து, அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவள் தூக்கிக்கொண்டே இருந்தாள்.